மஞ்சளில் ஊதாக் கோடு

ஓய்வு பெற்ற பழைய ஆட்களையெல்லாம் போன மாதம் நகரமைப்பு அலுவலகத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தீர்கள். மிக்சர் நன்றாக இருந்தது. ஆனால் அன்று உங்களில் ஒரு பெண், சுவரில் தொங்கும் பழைய நிலப்பயன்பாட்டு வரைபடத்தின் முன்னால் கையில் ரப்பருடன் நின்றிருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு தெருவில் மட்டும், அச்சடித்த மஞ்சள் நிறத்தின் மேல் யாரோ ஊதாப் பென்சிலால் சாய்வாகக் கோடு கோடாகப் போட்டிருந்தார்கள். "யாரோ கொழந்தைய கூட்டிட்டு வந்து கிறுக்க விட்டிருக்காங்க போல. ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி அழிச்சிடலாமா மேடம்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் குழந்தை நான்தான்.

அழிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காரணம் சொல்ல ஆரம்பித்திருந்தால் தேநீர் ஆறியிருக்கும், எனக்குக் கோபமும் வந்திருக்கும். அதனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். அறிவுரை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அறிவுரை சொல்ல வராது, சண்டை போடத்தான் வரும்.

எண்பதுகளின் நடுவில் நான் திட்ட உதவியாளராகச் சேர்ந்தபோது, ஒரு ஊர் எப்படி மாறுகிறது என்று அறிய எங்களுக்கு இருந்த ஒரே வழி நடப்பதுதான். கையில் சர்வே வரைபடம், தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் வண்ணப் பென்சில்கள். வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சிவப்பு, வயலுக்குப் பச்சை. ஒரு மனைக்கு ஒரு நிறம்தான். ஒரே மனையில் இரண்டு காரியம் நடந்தால், தெருவைப் பார்த்த பக்கம் எது இருக்கிறதோ அதன் நிறத்தைத் தீட்டிவிட்டு அடுத்த மனைக்குப் போய்விட வேண்டும். நீங்கள் இன்று கணினியில் தட்டுகிற குறியீடுகள் எல்லாம் அந்தப் பென்சில்களின் வாரிசுகள்தான்.

விதி வசதியாகத்தான் இருந்தது. நூம்பலில் ஒருமுறை என் சக ஆய்வாளர் ஒருவர் நெல் நின்ற நிலத்துக்குப் பச்சை தீட்டினார். கதிர்களுக்கு நடுவே மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். "இது பச்சையா சார்?" என்று கேட்டேன். "நெல்லு தெரியுது இல்ல?" என்றார். அறுப்பு முடிந்த கையோடு லாரி லாரியாக மண் வந்து விழுந்தது. எங்கள் வரைபடம் அச்சாகி வருவதற்குள் அங்கே வீடு கட்டிப் பால் காய்ச்சிவிட்டார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், விதி சொன்னதைத்தான் அவர் செய்தார்.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ஆய்வுக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். ஆண்கள் அவசரம் என்றால் மறைவாக ஒரு சுவரைப் பார்த்துக்கொள்வார்கள். நான் எங்கே போவது? காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்பிப் பார்த்தேன். ஆவடிப் பக்கம் வெயிலில் மயக்கம் போட்டு விழுந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ஏதாவது ஒரு கதவைத் தட்டி, "அம்மா, கொஞ்சம் பாத்ரூம் போகணும்" என்று கேட்டுவிடுவேன். ஒரு வீட்டிலும் முடியாது என்று சொன்னதில்லை.

அந்தக் காலத்து வீடுகளில் கழிப்பறை பின்கோடியில் இருக்கும். வாசலிலிருந்து பின்கோடி வரை நடந்து போய்த் திரும்பினால் அந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலி அம்மாவின் சமையலறையில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போகிற முறுக்கு வெந்துகொண்டிருந்தது. பூந்தமல்லியில் ஒரு பாய் வீட்டில் கூடத்தைத் தாண்டினால் வரிசையாகத் தையல் மெஷின்கள். என் சகாக்கள் தெருவில் நின்று "வீடா, கடையா?" என்று கேட்டுத் தீட்டிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். என் ஆய்வு முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் சிறுநீர்ப்பைதான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், மேலே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தெருவுக்குப் போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஓடும் தளமுமாகக் கலந்து கட்டிய சின்னச் சின்ன வீடுகள். வாசலில் கோலம், கொடியில் துணி. என்னுடன் வந்தவர் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் தீட்டி முடித்திருந்தார். எனக்கு அவசரம். நடுவில் ஒரு வீட்டைத் தட்டினேன். என் வயதுதான் இருக்கும், கஸ்தூரி என்று ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். பாத்ரூம் போக வேண்டும் என்றேன்.

"பாத்ரூம்தான? போ மேடம். ஆனா நடுவுல இன்னா கீதுன்னு மட்டும் பாக்காத" என்றாள்.

பார்க்காமல் எப்படிப் போவது? கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு லேத் மெஷின் நின்றது. அதன் கைப்பிடியில் ஒரு பள்ளிக்கூடச் சீருடை தொங்கியது. கீழே இரும்புச் சுருள்கள், பக்கத்திலேயே அரிசி டின். கஸ்தூரியின் கணவர் பாண்டியன், எண்ணெய்க் கையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நோட்டீஸ் கொடுக்க வந்தவளைப் பார்க்கிற பார்வை அது.

திரும்பி வரும்போது நான் நின்றுவிட்டேன். "எப்பக்கா இத வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

கஸ்தூரிதான் பேசினாள். "அவரு வேல செஞ்ச கம்பெனிய மூடிட்டானுங்க. பதினஞ்சு வருசம் லேத்து புட்ச்ச கை, வேற இன்னா செய்யும்? பயய மெஷினு ஒண்ணு கெட்ச்சிது. வாசல்ல நொயையல. செவுத்த இட்ச்சிதான் உள்ள எறக்குனோம். அப்பறம் செவுத்த கட்னோம்."

"இந்த ஒரு வீட்டுலதானா?"

"இந்தத் தெருவே அப்டித்தான். அதே கம்பெனி ஆளுங்கதான் எல்லாரும். பேட்டைல கீற பட்டறைங்களுக்கு நட்டு, போல்ட்டு, புஷ்ஷு எல்லாம் இங்கேர்ந்துதான் போவுது. எங்கியும் சொல்லிடாத மேடம்."

வெளியே வந்தேன். ஊரிலேயே பெரிய ஆலை ஒன்று மூடப்பட்டால் அந்த ஆலை எங்கே போகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துண்டு துண்டாகி வீட்டுக் கூடங்களுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் வரைபடத்தில் அதற்கு நிறம் இல்லை. நான் மஞ்சளின் மேலேயே ஊதாவில் சாய்கோடுகள் போட்டேன். யாருடைய பெயரும் எழுதவில்லை.

எங்கள் அதிகாரி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? தெருவா, வரிக்குதிரையா?"

"ரெண்டும் இருக்கு சார்."

"ரெண்டும் இருக்கக் கூடாது. ஒண்ணு சொல்லு."

நான் கோடுகளை அழிக்கவில்லை. அவரும் தாளை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். அது அப்படியே கிடந்திருக்கும். ஆனால் அந்தத் தெருவுக்குப் பின்னால் இருந்த வயலில் புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்பியிருந்தது. அதன் சங்கச் செயலாளர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தார். குடியிருப்புப் பகுதியில் தொழிற்சாலை நடக்கிறது, சத்தம் தாங்கவில்லை, அகற்ற வேண்டும் என்பது புகார். அதிகாரி நேரில் போய்ப் பார்த்து அது எந்த வகைத் தெரு என்று கருத்து எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மஞ்சள் என்று எழுதினால் மெஷின்கள் விதிமீறல். எடுக்கச் சொல்வார்கள், எடுக்காவிட்டால் சீல். ஊதா என்று எழுதினால் அது தொழிற்பகுதி. அங்கே வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு கிடைக்காது, மேலே ஒரு அறை கட்ட அனுமதி கிடைக்காது, கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளே செல்லாமல் போகும். நம் கையில் இருக்கும் பென்சிலின் எந்த முனையால் தொட்டாலும் அந்தக் குடும்பங்களுக்கு ஏதோ ஒன்று போகும்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்தவர். "நாம வர்ற தேதி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாத்தையும் மூடி வெச்சிடுவாங்க. நாம போய்ப் பாத்து, வெறும் வீடுகள்தான், தொழிற்சாலை எதுவும் இல்லைன்னு எழுதிட்டு வந்துடலாம். அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. நீ மட்டும் அந்த வரிக்குதிரையைப் பத்தி வாயத் திறக்காதே" என்றார்.

மறுநாள் கஸ்தூரியும் அதையே கேட்க அலுவலகத்துக்கு வந்தாள். வாசலில் வேப்பமரத்தடியில் நின்றாள். "நீ ஒருத்திதான் உள்ள வந்து பாத்த. பாக்கலன்னு சொல்லிடு எக்கா. ஒனக்கு புண்ணியமா போவும்."

எல்லோருக்கும் வசதியான பொய். அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் நல்லவள் என்று பெயர் எடுத்திருப்பேன். எனக்கு ஆத்திரம் வந்தது. கஸ்தூரி மேல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும்படி உழைக்கிற மக்களை நிறுத்தியிருக்கிற அந்த ஒற்றை நிறத்தின் மேல்.

"இன்னிக்கு மூடிடுவீங்க. நாளைக்கு அவங்க மாடியிலேர்ந்து போட்டோ எடுப்பாங்க. அதுக்கு அடுத்த நாளு? எத்தன நாளைக்குக்கா போர்வை போத்துவீங்க?" என்றேன். "ஓட விடுங்க. ஓடறது ஓடுதுன்னு நான் எழுதறேன்."

"ஒனக்கு இன்னா, சொல்லுவ. சீல் வெச்சா ஒன் ஊட்லயா அடுப்பு நிக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அவள் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் நான் என் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆய்வு நாள் காலையில் தெரு முழுக்க மௌனம். அப்படி ஒரு குடும்பப் பாங்கான தெருவை நான் பார்த்ததே இல்லை. பெரிய பெரிய கோலங்கள். பெண்கள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி திறந்த கதவுகள் வழியே உயரமான மெத்தைகள் தெரிந்தன, மேலே தலையணைகள் அடுக்கப்பட்டிருந்தன. அந்த மெத்தைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே நடந்தார். அடுக்குமாடிச் செயலாளர் எங்களுடன் வந்தார். அவர் முகம் சிவந்துகொண்டே போனது. கஸ்தூரியின் வீட்டு வாசலில் அவரால் அடக்க முடியவில்லை.

"பாத்தீங்களா சார்? நீங்க வர்றது தெரிஞ்சு எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிருக்காங்க. திருட்டுப் பசங்க!"

அந்த வார்த்தைதான். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. கஸ்தூரி வாசலுக்கு வந்தாள்.

"யார்ரா திருடன்? வாய்யா, உள்ள வந்து பாரு. ஒயச்சி துன்றவன் திருடனா?"

"ஏய், வாணாம் கஸ்தூரி" என்று பாண்டியன் கையைப் பிடித்தார். அவள் உதறினாள். தலையணைகள் தெருவில் வந்து விழுந்தன, பின்னால் மெத்தை, அதன் பின்னால் போர்வை. சுவிட்சைத் தட்டினாள். லேத் சுழல ஆரம்பித்தது.  பாண்டியன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷின் முன்னால் போய் நின்றார்.

எதிர்வீட்டுப் பெண் அவரைக்காய் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அவள் வீட்டிலும் மோட்டார் உறுமியது. அதற்கு அடுத்த வீடு, அதற்கு அடுத்தது. தெரு முழுக்க ஓடியது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. அதிகாரி நடுத்தெருவில் ஒரு கோலத்தின் மேல் நின்றுகொண்டு என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டீங்களா சத்தத்தை? இதோட நாங்க எப்படி சார் வாழறது? என் வொய்ஃப் ஹார்ட் பேஷண்ட்" என்று செயலாளர் கத்தினார். அவர் குரலில் இருந்தது நிஜமான வருத்தம். அதுவும் எனக்குப் புரிந்தது.

நெருக்கடியில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சார், இங்க நின்னு கேட்டா எல்லாமே சத்தம்தான். உங்க வீட்டுக்குப் போய்க் கேக்கலாம்" என்றேன்.

மூன்றாவது மாடி. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவர் மனைவி சாய்ந்திருந்தார். கீழே தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது, மின்விசிறியைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

"அம்மா, இப்ப எல்லா மெஷினும் ஓடுது. இதுதான் உங்களுக்குத் தொந்தரவா?" என்று கேட்டேன்.

அவர் காது கொடுத்துக் கேட்டார். "இதுவா? இது பழகிப்போச்சும்மா. அந்த இடிதான் தாங்க முடியல. தம்மு தம்முன்னு நெஞ்சுலயே குத்தற மாதிரி. இப்போ அது இல்லையே."

கணவர் வாயைத் திறப்பதற்குள், அந்த நேரம் பார்த்து அது வந்தது. மூலை வீட்டில் இருந்த, இரும்புத் தகட்டை இடித்து வெட்டும் பவர் பிரஸ். அதன் சொந்தக்காரர் அதுவரை பயந்துகொண்டு மூடியே வைத்திருந்தவர், தெருவே ஓடுகிறதே என்று ரோஷம் வந்து போட்டிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் மேசை மேல் இருந்த டம்ளர் தண்ணீர் நடுங்கியது. அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இதுதான்" என்றார்.

ஒரு இடிக்காக ஒரு தெருவையே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.  அன்று மதியத்துக்குள் பேசி முடித்தோம். பிரஸ் மட்டும் பேட்டையில் ஒரு கொட்டகைக்குப் போக வேண்டும். மற்றவை விளக்கு வைக்கும் நேரத்துக்கு நிற்க வேண்டும். கஸ்தூரி அதற்கும் தெருவில் நின்று வாதாடி, அவசர வேலை வந்தால் ஒரு மணி நேரம் கூட ஓடும் என்று வாங்கிக்கொண்டாள்.

ஜீப்பில் திரும்பும்போது அதிகாரி கேட்டார். "இதை எந்த விதியின் கீழம்மா எழுதறது?"

"விதி இல்ல சார். தெரு இருக்கு."

அவர் ஃபைலை என்னிடம் நீட்டினார். "அப்ப நீயே எழுது. நீயே கையெழுத்துப் போடு" என்றார்.

எழுதினேன். இந்தத் தெருவில் வீடும் பட்டறையும் ஒன்று, மெஷினை வெளியே எடுக்க வேண்டுமானால் வீட்டுச் சுவரை இடிக்க வேண்டும், ஆகவே இரண்டில் ஒன்றை அகற்றுவது என்பது இரண்டையும் அகற்றுவதே என்று எழுதினேன். அதிகாரி அதைத் திருத்தாமல் மேலே அனுப்பினார். தெருவுக்கு நோட்டீஸ் வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. வெயிலில் அலைவது பெண்களுக்குச் சிரமம் என்று மிகுந்த அக்கறையோடு என்னைக் கள ஆய்விலிருந்து எடுத்து மேசையில் உட்கார வைத்தார்கள். அந்த அக்கறையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வரைபடம் அச்சாகி வந்தது. கோடு போட அச்சகத்தில் வழியில்லை என்று சொல்லி அந்தத் தெருவை முழு மஞ்சளாக அடித்திருந்தார்கள். சுவரில் மாட்டிய அன்றே நாற்காலி போட்டு ஏறி ஊதாப் பென்சிலால் கோடு போட்டேன். பழசாகி வேறு பிரதி மாட்டினார்கள், அதிலும் போட்டேன். அதற்கடுத்த பிரதியிலும் போட்டேன். முதல் தடவை நாற்காலியில் நான் நிற்கும்போதே அதிகாரி பின்னால் வந்துவிட்டார்.  "கோடு கோணலா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஓய்வு பெற்றார்.

உங்களிடம் இன்று செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. திருமழிசை வரைக்கும் ஒவ்வொரு கூரையும் தெரிகிறதாம். மகிழ்ச்சி. கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது? அந்த அடுக்குமாடியில் இப்போது பாதிப் பேர் வீட்டிலிருந்தபடியே கணினியில் அலுவலக வேலை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது மஞ்சளா, நீலமா? அவர்களை யாராவது விதிமீறல் என்றார்களா? சொல்ல மாட்டார்கள். கையில் எண்ணெய் ஒட்டாத வேலை வீட்டுக்குள் நடந்தால் அதற்குப் பெயர் வசதி, எண்ணெய் ஒட்டினால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. இந்த ஓரவஞ்சனையை நாம்தான் நிறமாகத் தீட்டிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறோம்.

ஆகவே, ரப்பரோடு நின்ற அந்தப் பெண்ணுக்கு: அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். நடுவில் ஒரு வீட்டில், இடித்துக் கட்டிய சுவரின் மேல், 'கஸ்தூரி லேத் ஒர்க்ஸ்' என்று பலகை தொங்கும். அதற்குக் கீழே கோலம் போட்டிருக்கும். கதவைத் தட்டி, பாத்ரூம் போக வேண்டும் என்று கேளுங்கள். இப்போதெல்லாம் அவள் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்காதே எனச் சொல்வதில்லை.

அதற்குப் பிறகும் அழித்தே ஆக வேண்டும் என்றால் அழியுங்கள். அடுத்த தேநீர் விருந்துக்கும் வருவேன். ஊதாப் பென்சில் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.